ஞாயிறு ஆராதனை: வரிசை எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான்கு சுவிசேஷங்களையும் வாசித்துவிட்டேன். முதலில் பாட்டு, அடுத்து வாசகம், அடுத்து பிரசங்கம் என்று இயேசு எங்கேயும் ஒழுங்கு வகுத்துத் தரவில்லை. அப்படியிருக்க, கத்தோலிக்கத் திருப்பலியிலும் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபை ஆராதனையிலும் ஏறக்குறைய ஒரே வரிசை எப்படி வந்தது?

பதில்: அவர் வகுத்துத் தரவில்லை என்பது சரி. கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து, தம்மை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள் என்றார். வழிபாட்டுக்கென்று அவர் விட்டுப்போன செயல் அது. மீதியைச் சீடர்கள் தாங்கள் பிறந்து வளர்ந்த யூதச் சூழலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஜெப ஆலயத்தில் ஓய்வுநாளில் நியாயப்பிரமாணத்திலிருந்தும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள், பிறகு ஒருவர் விளக்கிப் பேசுவார். லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் இது அப்படியே இருக்கிறது. இயேசு நாசரேத்தில் எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசிக்கிறார், சுருட்டிக் கொடுக்கிறார், உட்கார்ந்து விளக்கத் தொடங்குகிறார். வாசிப்பவர் நிற்க, போதிப்பவர் உட்காருவார். அன்றைய வழக்கம் அது. இந்த வாசிப்புக் கூட்டத்தோடு அப்பம் பிட்கும் மேசை வந்து சேர்ந்தது. முதல் பாதி வசனம், இரண்டாம் பாதி மேசை. இன்றைக்கும் பெரும்பாலான சபைகளின் வரிசையைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இருப்பது இந்த இரண்டும்தான்.

இது எவ்வளவு சீக்கிரம் உறுதிப்பட்டது என்பதற்கு ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன் சாட்சி. கிறிஸ்தவர்களைப் பற்றிய வதந்திகளுக்குப் பதிலாக, ஏறக்குறைய 155-இல் பேரரசருக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு கூட்டம் படிப்படியாக விவரிக்கப்படுகிறது. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் நூல்களோ நேரம் இருக்கும் மட்டும் வாசிக்கப்படுகின்றன. வாசகர் முடித்ததும் தலைவர் புத்தி சொல்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன. தலைவர் நன்றி செலுத்துகிறார், மக்கள் 'ஆமென்' என்கிறார்கள், எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. வராதவர்களுக்கு டீக்கன்மார் எடுத்துப்போகிறார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்க, அது அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர் ஆகியோருக்குப் போகிறது.

கவனித்தீர்களா, வாசிப்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர், பங்கிடுபவர் இன்னொருவர். மேடையில் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கான்ஸ்டன்டைன் மன்னன் புகுத்தியது என்றும், அதற்கு முன்பு சனிக்கிழமைதான் கூடினார்கள் என்றும் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. மேலே சொன்ன யுஸ்தீனின் எழுத்தே கான்ஸ்டன்டைனுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. அதற்கும் முன்பு, அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் துரோவாவில் அப்பம் பிட்கக் கூடியது வாரத்தின் முதல் நாள்தான். (பவுல் நள்ளிரவு வரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததும் அன்றுதான். நீளமான பிரசங்கம் நேற்று வந்த தொல்லை அல்ல.) இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள்.

கான்ஸ்டன்டைன் 321-இல் செய்தது வேறு. நீதிபதிகளும் நகர மக்களும் கைத்தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். விவசாயிகளுக்கு விலக்கு, பருவம் தவறினால் விதைப்பு போய்விடும் என்பதால். அதாவது கூடும் நாளை அவர் விடுமுறை நாளாக்கினார். அதுவரை ஞாயிறு வேலை நாள். விடியுமுன் கூடும் வழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சனிக்கிழமையும் முற்றிலும் மறையவில்லை. எத்தியோப்பியத் திருச்சபை இரு நாளையும் மதிக்கிறது. 1863-இல் அமைப்பான ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை சனிக்கிழமை கூடுகிறது.

கேள்வி: ஆதியில் அது முழுச் சாப்பாடு என்கிறார்கள். இன்று ஒரு சிறு அப்பமும் ஒரு மிடறும்தான். எப்போது சுருங்கியது?

பதில்: சிக்கல் முதல் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, பின்னால் வந்த ஏழைகள் பட்டினியாக நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் கண்டித்து, பசித்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 11). உணவும் சடங்கும் பிரியும் முதல் கோடு அங்கே தெரிகிறது.

அடுத்த அழுத்தம் அரசாங்கத்திடமிருந்து. பித்தினியா–பொந்து மாகாண ஆளுநர் பிளினி, 112-ஐ ஒட்டி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் தான் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறிமாறித் துதி பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். கலைந்துபோய், பிறகு மீண்டும் கூடிச் சாதாரண உணவு சாப்பிடுகிறார்கள். சங்கங்களுக்குத் தடை போட்டதும் இந்த இரண்டாவது கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்கிறார். காலைக் கூட்டமும் சாப்பாட்டுக் கூட்டமும் அங்கே தனித்தனி. சாப்பாடு சேர்ந்த கூட்டம்தான் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது.

மூன்றாவது காரணம் எளிய கணக்கு. ஒரு வீட்டு அறையில் முப்பது, நாற்பது பேர் மேசையில் சாப்பிடலாம். எண்ணிக்கை பெருகினால் முடியாது. சிரியாவின் தூரா யூரோப்பஸ் நகரில் அகழ்ந்தெடுத்த வீட்டுச் சபையில், மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். இடத்தைப் பெரிதாக்கும்போதே சாப்பாட்டு மேசை ஓரமாகிவிட்டது. தனி அன்பின் விருந்தாகச் சாப்பாடு சில காலம் தொடர்ந்து, பிறகு மங்கியது.

கேள்வி: கத்தோலிக்கர் ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை (அப்பமும் இரசமும் பகிரும் சடங்கு) கொண்டாடுகிறார்கள். பல சீர்திருத்தச் சபைகளில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் ஆண்டுக்கு நான்குமுறை. சீர்திருத்தவாதிகள் அதை மட்டம் தட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் மேற்கில் திருப்பலி தவறாமல் நடந்தது, ஆனால் மக்கள் உட்கொள்ளவில்லை. 1215-இல் ஆயர்களின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். மொழி லத்தீன். குரு மெல்லிய குரலில் ஜெபிப்பார், மக்கள் தங்கள் தனி ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அப்பம் உயர்த்தப்படும்போது மணியடித்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள். கிண்ணமும் அவர்களுக்குக் கிடையாது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் அந்த வழக்கத்தை விதியாக்கியது.

லூத்தர் 1526-இல் ஜெர்மன் மொழித் திருப்பலி முறையை வெளியிட்டார். அதில் மேசையை அவர் நீக்கவில்லை. ஜெனீவாவில் கால்வின் வாரந்தோறும் திருவிருந்து, அதாவது நற்கருணை, வேண்டும் என்றார். நகர மன்றம் ஒத்துக்கொள்ளாமல் ஆண்டுக்கு நான்குமுறை என்றது. சூரிச்சில் சுவிங்கிலி 1525-இல் தாமே நான்குமுறை என்று வைத்துக்கொண்டார். அவர் ஒருவர் உங்கள் சந்தேகத்துக்குச் சற்றுப் பொருந்துவார்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. உட்கொள்ள ஆள் இல்லாமல் குரு தனியாகக் கொண்டாடக்கூடாது என்பது சீர்திருத்தவாதிகளின் கொள்கை. 1662-ஆம் ஆண்டு பொது ஜெபப் புத்தகம், குருவானவரோடு சேர்ந்து உட்கொள்ள நான்கு பேர், குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிப் பழகிய மக்கள் அடிக்கடி முன்வரவில்லை. ஆள் சேராத ஞாயிறுகளில் மேசைப் பகுதி நின்றது, காலை ஜெபமும் பிரசங்கமும் மட்டும் நடந்தன. அதுவே பழக்கமாகிவிட்டது. மக்களைப் பங்கெடுக்க வைக்கப் போட்ட விதி, பங்கெடுக்கும் வாய்ப்பையே குறைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் இரு தரப்பும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. மக்களின் முழுமையான, செயலூக்கமுள்ள பங்கேற்பு வேண்டும் என்றது, தாய்மொழிக்கு வழிவிட்டது. 1969-இல் வந்த வாசக அட்டவணை ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சி: முதல் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, மூன்றாவது லூக்கா, யோவான் பெரும்பாலும் பாஸ்கா காலத்தில். இதைத் தழுவி 1992-இல் வந்த திருத்திய பொது வாசக அட்டவணையைப் பல சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்துகின்றன. ஒரே ஞாயிறன்று வேறு வேறு சபைகளில் ஒரே சுவிசேஷப் பகுதி கேட்கிறது என்றால் காரணம் இதுதான்.

கேள்வி: எழுதி வைத்த ஜெபம் பழமையானதா, மனதிலிருந்து வரும் ஜெபம் பழமையானதா?

பதில்: இரண்டும் ஆரம்பத்திலிருந்தே அருகருகே. யுஸ்தீன் விவரிக்கும் தலைவர் தம்மால் இயன்ற மட்டும் ஜெபிக்கிறார், கையில் புத்தகம் இல்லை. திதாகே என்ற மிகப் பழைய கையேடு மேசைக்கான ஜெபத்தை வரிவரியாகக் கொடுத்துவிட்டு, தீர்க்கதரிசிகள் விரும்பிய அளவு நன்றி சொல்லட்டும் என்று முடிக்கிறது. சபைகள் பெருகி, போதனைச் சண்டைகள் வந்த பிறகு, யார் எதைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் எழுத்து வடிவம் வலுத்தது.

எங்கள் கருத்தைக் கேட்டால், இரண்டிலும் குறை உண்டு. புத்தக ஜெபம் வாயிலிருந்து வந்து வாயிலேயே நின்றுவிடும். சுயஜெபம் நான்கு வாரம் கேட்டால் அதுவும் மனப்பாடம்தான், அச்சிடாத மனப்பாடம்.

கேள்வி: எப்போது நிற்பது, எப்போது மண்டியிடுவது என்பதே குழப்பம். இதற்கு விதி உண்டா?

பதில்: பொதுக் கணக்கு: துதிக்கும்போதும் சுவிசேஷ வாசகத்துக்கும் நிற்பது, மற்ற வாசகங்களுக்கும் பிரசங்கத்துக்கும் உட்காருவது, பாவ அறிக்கைக்கு அல்லது நற்கருணை மன்றாட்டுக்கு மண்டியிடுவது. சபைக்குச் சபை மாறும். ஆதியில் நிற்பதே இயல்பு. 325-இல் நிசேயா சங்கத்தின் 20-ஆம் விதி, ஞாயிறுகளிலும் பாஸ்கா முதல் பெந்தெகொஸ்தே வரையிலும் மண்டியிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்கிறது. உயிர்ப்பின் நாளில் தவக்கோலம் ஆகாது என்பது அதன் பொருள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் பலவற்றில் இன்றும் ஓரமாகச் சில இருக்கைகள்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் சிறு சபையில் திருவிருந்து ஆராதனையை ஒழுங்குசெய்யும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சுமார் 120 பேர். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அவசர அவசரமாக முடிகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்தில். நேரம் கையில் நிறைய இருப்பதுபோல் தோன்றும்போது ஐந்தாறு பாடலும் அறிவிப்பும் வரவேற்புரையும் போய்விடும். நசுங்குவது மேசை. ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

பங்கிடுதல்: ஒருவருக்கு ஐந்தாறு வினாடி. ஒரே இடத்தில் அப்பமும் கிண்ணமும் கொடுத்தால் 120 பேருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், இரண்டு இடம் வைத்தால் ஆறு. அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபம் ஏழெட்டு நிமிடம். பங்கிட்டபின் அமைதி, நன்றி ஜெபம், ஆசீர்வாதம், கடைசிப் பாட்டு எல்லாம் சேர்த்து எட்டு. ஆக மேசைக்கும் முடிவுக்கும் 21 முதல் 28 நிமிடம் ஒதுக்கியே ஆகவேண்டும். மீதமுள்ள ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில், தொடக்கப் பாட்டும் பாவ அறிக்கையும் பத்து, வாசகங்களும் சங்கீதமும் பத்து, பிரசங்கம் பதினைந்து முதல் பதினெட்டு, விசுவாசப் பிரமாணமும் மன்றாட்டும் ஏழு, காணிக்கை நான்கு.

இனி, வழக்கமாக எங்கே ஒழுகும் என்று பார்ப்போம். மன்றாட்டு இரண்டாவது பிரசங்கமாக நீளும். சபை, உலகமும் ஆட்சியாளர்களும், துன்பப்படுவோர், நமது சமூகம் என்று நான்கு கருத்து போதும், ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியம். கடவுளுக்குத் தகவல் சொல்லும் ஜெபமானால், அது உண்மையில் சபைக்கான அறிவிப்பு. அதை அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். அறிவிப்புகளை வாசகத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே வைக்காதீர்கள், கேட்ட வசனம் மறந்துபோகும். ஆராதனை தொடங்குமுன், அல்லது ஆசீர்வாதத்துக்குச் சற்று முன் சொல்லுங்கள்.

வாசிப்பவர் முந்தின நாளே சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 80, 90 சொல். பவுலின் நீண்ட வாக்கியங்களில் மூச்சு விடும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். மக்கள் உட்கார்ந்து ஓய்ந்த பிறகு தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வசனம் நாற்காலிச் சத்தத்தில் போகும். புத்தகத்தில் சிவப்பில் அச்சிட்ட குறிப்புகளைச் சேர்த்து வாசிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அவை வாசிப்பவருக்கு, கேட்பவருக்கு அல்ல.

பாட்டில் கவனிக்க வேண்டியது சுருதி. பாடகர் குழுவுக்கு வசதியான சுருதியில் வைத்துவிட்டு, சபை பாடவில்லை என்று குறைப்படுவார்கள். பாட்டின் உச்ச சுரம் மேல் ‘டி’யைத் தாண்டினால் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். புதுப் பாட்டு ஒரு ஆராதனைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

திராட்சரசம்: சிறு கிண்ணங்களில் பாதியளவு, அதாவது சுமார் 5 மில்லி ஊற்றினால் 120 பேருக்கு 600 மில்லி. சிந்துவதற்கும் எதிர்பாராமல் வருவோருக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 660. ஒரு 750 மில்லி பாட்டில் தாராளம். நாற்பது குழியுள்ள தட்டானால் நான்கு தட்டு. முந்தின இரவே ஊற்றி வைக்காதீர்கள். மணம் போகும், எறும்பு வரும். அப்பத்தையும் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கூட வையுங்கள். மீந்ததை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கத்தோலிக்கர் மீதி அப்பத்தை நற்கருணைப் பேழையில் வைப்பார்கள், இரசத்தை முழுதும் அருந்திவிடுவார்கள். 1662 ஜெபப் புத்தகம் அர்ப்பணித்தவற்றில் மீந்ததை அங்கேயே பயபக்தியோடு உட்கொள்ளச் சொல்கிறது. உங்கள் சபையின் முறை எதுவோ அதை உதவியாளர்களுக்குச் சொல்லிவைக்காவிட்டால், பின்னறைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள், பிறகு மனவருத்தம்.

கேள்வி: 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. எண்ணினால் 46 நாள் வருகிறது. தவக்காலம் 40 நாள் என்கிறார்களே?

பதில்: நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழியுங்கள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் விழா என்பதால் அவை நோன்பு நாளாக எண்ணப்படுவதில்லை. உயிர்ப்பு ஞாயிற்றையும் சேர்த்து எண்ணினால் ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே, அதாவது மே 24. பழைய ஜூலியன் காலண்டரை வைத்துப் பாஸ்காவைக் கணக்கிடும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அந்த ஆண்டு உயிர்ப்பு விழா ஏப்ரல் 12.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்ல. நண்பர் வீட்டு விசேஷத்துக்காகத் திருப்பலிக்குப் போகவேண்டும். நற்கருணை வாங்காவிட்டால் தவறாக நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். வாங்காமல் இருப்பதுதான் முறை. அது விருந்தோம்பல் பிரசாதம் அல்ல, திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியது. பழங்காலத்தில் திருமுழுக்குப் பெறாதவர்களைப் பிரசங்கம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் ‘கதவுகள், கதவுகள்’ என்று கதவைக் காக்கச் சொல்லும் குரல் இன்றும் கேட்கும், யாரும் வெளியேறுவதில்லை என்றாலும். இப்போது நீங்கள் இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், வரிசை நகர வழிவிட்டால் போதும். சில இடங்களில் கைகளை மார்பில் குறுக்கே வைத்து வந்தால் ஆசீர் மட்டும் தருவார்கள், நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் தாயார் தொலைக்காட்சியில் திருப்பலி பார்க்கிறார். நேரில் நற்கருணை வாங்க ஏங்குகிறார். கேட்டால் வீட்டுக்கு வருவார்களா?

பதில்: வருவார்கள், கேளுங்கள். வராதவர்களுக்கு டீக்கன்மார் எடுத்துப்போனதாக யுஸ்தீன் எழுதியது நினைவிருக்கும். பேழையில் அப்பத்தை வைத்திருப்பதன் முதல் நோக்கமே அதுதான். பங்குத்தந்தையிடம் சொன்னால் குருவோ நற்கருணைப் பணியாளரோ வருவார். ஒரு சிறிய மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். ஆக்சிஜன் வைத்திருக்கிற அறையானால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம். ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் முதியோருக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்பவருக்கும் கிடையாது. விழுங்கச் சிரமம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மிகச் சிறு துண்டு கொடுப்பார்கள். கெட்டி உணவே இறங்காது என்றால் இரசம் மட்டும் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு அவர்கள் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும் என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள்.